ரீஃபண்டும் வந்துச்சு, வரி பாக்கியும் இருந்துச்சு: ஒரு கன்சல்டன்ட் டாக்டரோட கணக்கு

ஆர்த்தோ சர்ஜன் ஒருத்தர் சம்பள வேலையில இருந்து கன்சல்டன்ட்டா மாறினதுக்கு அப்புறம் அவரோட வருமான வரியும் வீட்டு நிதியும் எப்படி சிக்கலாச்சு, வரிக் கணக்கு பார்க்குற நாங்க அதை எப்படி பிரிச்சு எடுத்தோம்ங்கிறதை ஆரம்பத்துல இருந்து எழுதுறேன். அவரும் அவர் மனைவியும் எழுதுறதுக்கு சம்மதம் குடுத்திருக்காங்க. அடையாளம் தெரியுற விஷயங்களை எடுத்துட்டேன், தொகை எல்லாம் ரவுண்ட் பண்ணிருக்கேன். இதுல வர்ற பிரிவு எண்கள் 1961 வருமான வரிச் சட்டத்தோடது, ஏன்னா இந்தக் கேஸ்ல வர்ற வருஷங்களுக்கு அது தான் பொருந்தும். 2026 ஏப்ரல் 1-ல இருந்து 2025 சட்டம், அதுல எண்கள் வேற.

பின்னணி

டாக்டருக்கு அப்போ 38 வயசு. எம்எஸ் முடிச்சதுல இருந்து ஒரே ஆஸ்பத்திரில சம்பளத்துக்கு இருந்தாரு. மனைவி குழந்தைங்களுக்குப் பார்க்குற டாக்டர், வேற ஆஸ்பத்திரில சம்பளம், அவங்க ஒப்பந்தப்படி வெளிய பிராக்டிஸ் பண்ணக்கூடாது. ரெண்டு பசங்க. வீட்டு லோன்ல 85 லட்சம் பாக்கி, கார் லோன் ஒண்ணு, ஒரு மனைக்கு மாசம் 50,000 தவணை, மாசம் 30,000 ப்ரீமியத்துல ரெண்டு எண்டோமென்ட் பாலிசி (சேமிப்பும் சேர்ந்த ஆயுள் காப்பீடு).

2022-23 வரைக்கும் சிக்கலே இல்ல. ஆஸ்பத்திரியே 192-ல (சம்பளத்துக்கான பிரிவு) ஸ்லாப் படி, அதாவது வருமானம் ஏற ஏறக் கூடுற விகிதப்படி, வரியைப் பிடிச்சிரும், பிடிச்சதுக்கு சான்றா ஃபார்ம் 16 வரும், ஜூலைல ஃபைல் பண்ணா முடிஞ்சது. 2023 ஏப்ரல்ல ஆஸ்பத்திரி அவரை கன்சல்டன்ட்டா மாத்துச்சு, அதாவது மாசம் ஒரு குறைந்தபட்ச தொகை, அதுக்கு மேல ஆபரேஷனுக்கு இத்தனை சதவீதம்னு. "டிடிஎஸ் 10% தான் டாக்டர், கைக்கு நிறைய வரும்"னு ஹெச்ஆர்ல சொல்லிருக்காங்க. டிடிஎஸ்ங்கிறது பணம் குடுக்கிறவங்களே முன்கூட்டி பிடிச்சுக் கட்டுற வரி, தொழில் ஃபீஸுக்கான 194ஜே-ல பிடிக்கிறது 10% தான், அந்த அளவுல அவங்க சொன்னது சரி. ஆனா அந்த 10% ஒரு முன்பணம் மாதிரி தான், வருஷ முடிவுல மொத்த வருமானத்துக்கு ஸ்லாப் படி என்ன வருதோ அதுல இருந்து இதைக் கழிச்சுட்டு மீதியை நாம தான் கட்டணும், அந்த இடம் வரைக்கும் அந்தப் பேச்சு போகல.

கன்சல்டன்ட் ஆனதுல அவருக்கு நல்லதும் நடந்துச்சு. வேற ரெண்டு ஆஸ்பத்திரிக்கும் போக ஆரம்பிச்சாரு, அதே சமயத்துல சாயங்காலத்துக்கு ஒரு வாடகை இடத்துல சொந்த கிளினிக்கும் போட்டாரு. போனது என்னன்னு மட்டும் யாரும் ஒரு பேப்பர்ல எழுதிப் பார்க்கல. பிஎஃப்ல ஆஸ்பத்திரியோட பங்கு, கிராஜுவிட்டி, குடும்பத்துக்கான குரூப் மெடிக்கல், சம்பளத்தோட லீவு, ஸ்டாண்டர்ட் டிடக்ஷன், அப்புறம் கேஸ் ஏதாவது வந்தா காப்பாத்துற இன்டெம்னிட்டி கவர், எல்லாமே ஒரே கையெழுத்துல போயிருச்சு.

முதல் வருஷ ரிட்டர்ன்

2023-24-க்கு மூணு ஆஸ்பத்திரி சேர்த்து 52 லட்சம் வந்திருந்துச்சு, டிடிஎஸ் 5.2 லட்சம். ரிட்டர்ன் போட்டுக் குடுக்குறவங்க 26ஏஎஸ்-ஐ (நம்ம பேர்ல பிடிச்ச வரியைக் காட்டுற அறிக்கை) டவுன்லோட் பண்ணி, அதுல இருந்த 52 லட்சத்தை எடுத்து, 44ஏடிஏ-ல (முழு புத்தகம் எழுதாம வரவுல பாதியை லாபமா எடுத்துக்க விடுற பிரிவு) பாதியை லாபம்னு காட்டி, 2024 ஜூலைல அதுக்கான சுருக்கமான ரிட்டர்ன் படிவம் ஐடிஆர்-4 போட்டுட்டாங்க. லாபம் 26 லட்சம், புது வரி முறைல செஸ் சேர்த்து வரி 4.99 லட்சம். பிடிச்சது 5.2 லட்சம், அதனால 20,000 சொச்சம் ரீஃபண்ட் வந்துச்சு.

இந்த ரீஃபண்ட் தான் இந்தக் கேஸ்ல ரொம்ப கெடுதல் பண்ணுன விஷயம்னு நான் நினைக்கிறேன். டிபார்ட்மெண்டே பணம் திருப்பிக் குடுத்துருச்சுன்னா எல்லாம் சரியா இருக்குன்னு தானே யாரும் எடுத்துப்பாங்க. ரீஃபண்ட் வர்றதுங்கிறது நாம குடுத்த நம்பரை வச்சு கம்ப்யூட்டர் போட்ட கணக்கு, நம்பர் முழுசா இருக்கான்னு அது பார்த்துச் சொன்னதா அர்த்தம் கிடையாது.

கிளினிக் வருமானம் அந்த ரிட்டர்ன்ல இல்லவே இல்ல. மறைக்கணும்னு அவர் நினைச்சதா எனக்குத் தெரியல, 26ஏஎஸ்-ல வராததைப் பத்தி யாரும் அவர்கிட்ட கேக்கல, அவரும் சொல்லல. கிளினிக் மேஜைல இருந்த க்யூஆர் கோட் மனைவியோட சேவிங்ஸ் அக்கவுண்ட்டுக்குப் போகுது, கேஷ் வீட்டு செலவுக்குப் போகுது, அது "வீட்டுப் பணம்"னு ஆயிருச்சு.

எப்படி வெளிய வந்துச்சு

2025 ஜனவரில கிளினிக்கைப் பெருசாக்கி எக்ஸ்ரே மெஷின் போடலாம்னு பாங்க்ல லோன் கேட்டாரு. அவங்க மூணு வருஷ ஐடிஆர், கடைசி வருஷ லாப நஷ்டக் கணக்கு, பேலன்ஸ் ஷீட் கேட்டாங்க. ஐடிஆர்-4-ல அப்படி முழு கணக்கு எதுவும் இருக்காது. 26 லட்சம் வருமானத்தை வச்சுப் பார்த்தா, ஏற்கனவே போற இஎம்ஐ-க்கு மேல இன்னொரு லோன் தாங்காதுன்னு சொல்லிட்டாங்க. கிளினிக்ல தனியா வருஷத்துக்கு 11 லட்சம் வருதேன்னு இவர் சொல்லிருக்காரு, ரிட்டர்ன்ல இல்லாத வருமானத்தை எப்படி சார் எடுத்துக்கிறதுன்னு பாங்க் அதிகாரி கேட்டிருக்காரு. அந்தக் கேள்வியோட தான் பிப்ரவரி ஆரம்பத்துல எங்ககிட்ட வந்தாங்க, ரெண்டு பேரும் சேர்ந்து வந்தாங்க, அது பின்னாடி ரொம்ப உதவுச்சு.

பார்த்தது

முதல்ல கேட்டது கிளினிக் ரிசப்ஷன்ல இருக்கிற நோட்டை. நீளமான கோடு போட்ட நோட்டு, ரிசப்ஷன்ல இருக்கிற பொண்ணு தன்னோட வசதிக்காக முதல் நாள்ல இருந்து எழுதிட்டு வந்தது. தேதி, டோக்கன் நம்பர், பேஷண்ட் பேரு, பக்கத்துல "கன்சல்ட்", "கட்டு", "மூட்டு ஊசி", "மாவுக்கட்டு பிரிச்சது", கடைசில தொகை, ஜிபே-ல வந்திருந்தா தொகைக்கு மேல ஒரு சின்ன வட்டம். வருமான வரி விதி 6எஃப் படி டாக்டர்கள் வைக்க வேண்டிய ஃபார்ம் 3சி-னு ஒரு தினசரி கேஸ் ரிஜிஸ்டர் இருக்கு, அதுல கேக்குறதும் கிட்டத்தட்ட இது தான்: தேதி, வரிசை எண், பேஷண்ட் பேரு, என்ன சிகிச்சை, வாங்கின ஃபீஸ், வாங்கின தேதி. சட்டம் கேட்ட ரிஜிஸ்டரை அந்தப் பொண்ணு யாரும் சொல்லாமலே எழுதி வச்சிருந்தாங்க, இந்தக் கேஸ் நேர்மையா முடிஞ்சதுக்கு அந்த நோட்டுக்கு பெரிய பங்கு இருக்கு.

வட்டம் போட்ட தொகையை எல்லாம் மாசாமாசம் கூட்டி, மேடத்தோட (டாக்டரோட மனைவி) அக்கவுண்ட்ல வந்த யுபிஐ வரவோட ஒப்பிட்டோம். சில நூறு ரூபாய் வித்தியாசம் தவிர ஒத்துப் போச்சு. அதனால கேஷ் பக்கத்தையும் நம்பலாம்னு முடிவு பண்ணோம். 2023-24-க்கு கிளினிக் வரவு 11 லட்சம், அதுல 8 லட்சம் கேஷ், 3 லட்சம் யுபிஐ.

இப்போ மொத்த வரவு 63 லட்சம் ஆகுது. இங்க தான் 44ஏடிஏ-வோட வரம்பு விஷயம் வருது, நிறைய டாக்டர்கள் பாதியை மட்டும் கேட்டு வச்சிருக்காங்க. வரம்பு 50 லட்சம், 2023-24-ல இருந்து அது 75 லட்சம் ஆகும், ஆனா வருஷத்துல கேஷா வாங்கினது மொத்த வரவுல 5%-க்கு மேல போகாம இருந்தா மட்டும் தான். 63 லட்சத்துல 5% 3.15 லட்சம், இவர் வாங்கினது 8 லட்சம். அதனால 75 லட்சம் வரம்பு கிடையாது, பழைய 50 லட்சம் தான், அதையும் தாண்டியாச்சு. அப்போ 44ஏடிஏ-வே செல்லாது, முழு புத்தகம் எழுதணும், 44ஏபி-ல ஆடிட் பண்ணணும், முழு கணக்கோட போடுற ஐடிஆர்-3 போடணும். அவர் போட்ட ஐடிஆர்-4 அடியில இருந்தே தப்பு.

செலவைப் பார்த்தா இன்னொரு கவலை. கன்சல்டன்ட்டுக்கு உண்மையான செலவு ரொம்ப இருக்காது, தியேட்டர், நர்ஸ், மெஷின் எல்லாம் ஆஸ்பத்திரியோடது. கிளினிக் வாடகை, ரெண்டு அசிஸ்டென்ட் சம்பளம், ஆபரேஷனுக்கு கூட வர்ற அசிஸ்டென்ட் டாக்டருக்குக் குடுத்தது, காரோட தேய்மானமும் பெட்ரோலும் (சொந்த உபயோகத்தைக் கழிச்சு), கருவி தேய்மானம், கான்ஃபரன்ஸ், எல்லாம் சேர்த்து 17 லட்சம் வந்துச்சு. அதுலயும் கிளினிக் அசிஸ்டென்ட் ரெண்டு பேருக்கு மாசம் தலா 12,500 மொத்தமா கேஷா குடுத்திருந்தாங்க. ஒரே நாள்ல ஒருத்தருக்கு 10,000-க்கு மேல கேஷா குடுத்தா 40ஏ(3)-ல அந்தச் செலவை கழிக்க முடியாது, அப்படி 3 லட்சம் போச்சு. கழிக்க முடிஞ்சது 14 லட்சம், லாபம் 49 லட்சம், வரி 12.17 லட்சம். அவர் கட்டினது 4.99 லட்சம்.

அசிஸ்டென்ட்களுக்கு சம்பளம் உண்மையாவே குடுத்தது தான், ஆனாலும் குடுத்த விதத்துக்காக கிட்டத்தட்ட 94,000 ரூபாய் வரி கூடுச்சு. டாக்டர் இதுக்கு தான் ரொம்ப வருத்தப்பட்டாரு.

பாலிசி விஷயமும் இதே மாதிரி தான். வருஷம் 3.6 லட்சம் ப்ரீமியம், "டேக்ஸ் சேவ் ஆகும்"னு சொல்லி வித்தது. புது வரி முறைல 80சி (ப்ரீமியம் மாதிரி சேமிப்பை வருமானத்துல கழிக்க விடுற பிரிவு) கிடையாது. அது தான் இயல்பா வர்ற முறை, பழைய முறை வேணும்னா தொழில் வருமானம் இருக்கிறவங்க கெடுவுக்குள்ள ஃபார்ம் 10-ஐஇஏ போடணும், சம்பளக்காரங்க மாதிரி வருஷா வருஷம் மாத்திக்கவும் முடியாது, ஒரு தடவை புது முறைக்குத் திரும்பி வந்தா அதோட சரி. இவர் ஃபார்ம் எதுவும் போடல. பழைய முறைல போட்டிருந்தாலும் இவருக்கு பெரிய வித்தியாசம் வந்திருக்காது, அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தோம், ஆனா வரி சேமிக்க வாங்கின பாலிசி ஒரு ரூபாய் கூட சேமிக்கலைங்கிறது அப்போ தான் அவங்களுக்குத் தெரிஞ்சுது.

எடுத்த முடிவு, ஏன்

எங்க முன்னாடி ரெண்டு வருஷம் இருந்துச்சு: தப்பா போட்ட 2023-24, முடியப்போற 2024-25. ரெண்டாவதுக்கும் வரவு 65 லட்சத்துக்கு மேல, ஜனவரி வரைக்கும் கேஷ் அதே மாதிரி, அட்வான்ஸ் டேக்ஸ் (வருஷம் முடியுறதுக்குள்ளயே தவணையா கட்ட வேண்டிய வரி) ஒரு தவணையும் கட்டல. உத்தேச வரி 12.2 லட்சம், டிடிஎஸ் 5.4 போக 6.8 லட்சம் பாக்கி.

டாக்டர் முதல்ல கேட்டது, "சார், கிளினிக் பணம் ஏஐஎஸ்-ல (டிபார்ட்மெண்ட் கையில இருக்கிற நம்ம வரவு விவரம்) வரலையே, அதை அப்படியே விட்டுட்டா என்ன?" நேரடியா கேட்டது நல்லது, அதுக்கு நேரடியாவே பதில் சொன்னோம். சட்டப்படி அது வருமானம், நாங்க அதை விட்டுட்டு ஒரு பேப்பர்ல கையெழுத்து போட மாட்டோம். அதுக்கு மேல அவர் பக்கத்துல இருந்து பார்த்தாலும் நஷ்டம், பாங்க் லோன் அந்த வருமானத்தை வச்சு தான் கேக்குறாரு, பின்னாடி விசாரணை வந்தா 270ஏ-ல குறைச்சுக் காட்டினதுக்கு வரியில 50%, தவறாக் காட்டினதுன்னு முடிவு பண்ணா 200% அபராதம்.

அடுத்த யோசனை உறவுக்காரர் ஒருத்தர் குடுத்தது, கிளினிக்கை மனைவி பேர்ல காட்டிடலாம், க்யூஆர் அவங்க அக்கவுண்ட் தானேன்னு. மேடமே அதை வேண்டாம்னுட்டாங்க. எலும்பு முறிவு பார்த்த ஃபீஸ் குழந்தைகள் டாக்டரோட வருமானமா எப்படி வரும், அதுவும் வெளிய பிராக்டிஸ் பண்ண மாட்டேன்னு கையெழுத்து போட்டவங்களுக்கு. பணம் எந்த அக்கவுண்ட்டுக்குப் போச்சோ அதை வச்சு வருமானம் யாருதுன்னு முடிவாகாது, வேலை செஞ்சவரோடது தான் அது.

2023-24-ஐத் திருத்த ரிவைஸ்ட் ரிட்டர்ன் போடுற கெடு 2024 டிசம்பர் 31, அதை நீட்டிச்சதும் 2025 ஜனவரி 15-லயே முடிஞ்சிருச்சு. மிச்சம் இருந்தது 139(8ஏ)-ல அப்டேட்டட் ரிட்டர்ன், அதாவது ஐடிஆர்-யு. கூடுதலா வர்ற வரியும் வட்டியும் கட்டணும், அது ரெண்டையும் கூட்டி அதுல 25% தனியா கட்டணும், மதிப்பீட்டு வருஷம் (வருமானம் வந்த நிதி வருஷத்துக்கு அடுத்த வருஷம்) முடிஞ்சு 12 மாசம் தாண்டினா அந்த 25 ஐம்பதாகும். இவருக்கு 25% கெடு 2026 மார்ச் 31 வரைக்கும் இருந்துச்சு.

இங்க வரிசை முக்கியமாச்சு. கையில இருந்தது 4 லட்சமும் ஒரு எஃப்டி-யும், ரெண்டையும் ஒரே நேரத்துல கட்ட முடியாது. 2024-25 அட்வான்ஸ் டேக்ஸுக்கு மார்ச் 15 கடைசி, அந்த வருஷ வரியில 90% மார்ச்சுக்குள்ள போயிட்டா, அட்வான்ஸ் டேக்ஸ் குறைஞ்சதுக்கான 234பி வட்டி வராது. ஐடிஆர்-யு-க்கு மாசம் 1% வட்டி, இவருக்கு மாசம் ஏறத்தாழ 7,000 ரூபாய் தான். அதனால அட்வான்ஸ் டேக்ஸ் முதல்ல, ஐடிஆர்-யு ரெண்டு மாசம் கழிச்சுன்னு முடிவு பண்ணோம். அவசரப்படாததுக்கு இன்னொரு காரணமும் உண்டு, ஒரு மதிப்பீட்டு வருஷத்துக்கு ஐடிஆர்-யு ஒரே ஒரு தடவை தான் போட முடியும், புத்தகம் முழுசா எழுதி ஆடிட் முடிஞ்ச பிறகு தான் அதைத் தொடணும். ரொம்பவும் தள்ளிப் போடவும் முடியாது, டிபார்ட்மெண்ட் அந்த வருஷத்தைக் கையில எடுத்துட்டா இந்த வழியே மூடிக்கும்.

பணத்துக்கு மனைத் தவணையை நிறுத்தினோம். எஃப்டி-யும் பிப்ரவரி, மார்ச் வரவும் அட்வான்ஸ் டேக்ஸுக்குப் போச்சு. ஐடிஆர்-யு-க்கு மேடத்தோட சேமிப்பும் ஒரு நகைக்கடனும். பர்சனல் லோன் வேண்டாம்னு அவங்க உறுதியா இருந்தாங்க, அவங்க போட்ட வட்டிக் கணக்கும் சரியாத்தான் இருந்துச்சு.

அடுத்த வருஷத்துக்கான திட்டம்

இது தான் எனக்கு ரொம்ப முக்கியமா படுற பகுதி. 2025-26-ல கேஷை 5%-க்குள்ள கொண்டு வந்தா 75 லட்சம் வரம்பு கெடைக்கும், 44ஏடிஏ செல்லும், ஆடிட் வேண்டாம், அட்வான்ஸ் டேக்ஸும் நாலு தவணைக்குப் பதிலா மார்ச் 15-ல ஒரே தவணை. 66 லட்சம் வரவுன்னு வச்சா 33 லட்சத்துக்கு வரி 5.9 லட்சம், முழு கணக்குல 50 லட்சம் லாபத்துக்கு 11.2 லட்சம். ஒரு வருஷத்துக்கு 5 லட்சத்துக்கு மேல வித்தியாசம், அது கிளினிக் மேஜைல இருக்கிற க்யூஆர் கோடுல தான் இருக்கு.

5% கணக்கு மொத்த வரவு மேல. ஆஸ்பத்திரில இருந்து பாங்க்ல வர்ற 54 லட்சமும் அதுல சேரும், அதனால கிளினிக்ல கேஷே வாங்கக் கூடாதுன்னு இல்ல. 66 லட்சத்துக்கு வருஷம் 3.3 லட்சம், மாசத்துக்கு 27,500. கிளினிக் வரவு மாசம் 1 லட்சம் கிட்ட, அதுல முக்கால்வாசி கேஷா வந்துட்டு இருந்ததை கால்வாசிக்கு மேல கொஞ்சம்னு கொண்டு வரணும், அவ்வளவு தான். வயசானவங்க கேஷ் குடுத்தா வாங்கிக்கோங்க, திருப்பி அனுப்பாதீங்கன்னு ரிசப்ஷன்ல தெளிவா சொன்னோம். டாக்டர் பேர்ல ஒரு கரண்ட் அக்கவுண்ட், அதோட க்யூஆர், ஒரு கார்டு மெஷின், நோட்டோட கடைசில அந்த மாச கேஷ் கூட்டலுக்கு ஒரு தனி கட்டம். அசிஸ்டென்ட் சம்பளம் எல்லாம் பாங்க் வழியா.

50% காட்டுறதுல எனக்கு ஒரு கருத்து உண்டு, டாக்டர்கிட்டயும் சொன்னேன். சட்டம் பாதியை லாபம்னு எடுத்துக்கிட்டு அதுக்கு மேல புத்தகம் கேக்காது, அது குடுத்திருக்கிற சலுகை, எடுத்துக்கலாம். ஆனா உண்மையான லாபம் அதை விட அதிகம்னு தெரிஞ்ச ஒருத்தருக்கு, அந்த மீதிப் பணம் மனையாவோ ஃபண்டாவோ சேரும்போது எங்க இருந்து வந்துச்சுன்னு காட்ட வரவு விவரம் இருக்கணும். அதனால சட்டம் கேக்கலைன்னாலும் நோட்டும் பாங்க் ஸ்டேட்மெண்டும் மாசாமாசம் டேலி ஆகுற பழக்கத்தை விடக்கூடாதுன்னு ஒத்துக்கிட்டாங்க.

ஒவ்வொரு ஆஸ்பத்திரி வரவும் விழுந்த உடனே அதுல 15% தனி அக்கவுண்ட்டுக்குப் போகணும்னு ஆட்டோ டிரான்ஸ்ஃபர் போட்டோம். வருஷத்துக்கு 7.3 லட்சம் ஆகும். 44ஏடிஏ கெடைக்கலைனாலும் அது பெரும்பாலும் போதும், கெடைச்சா மார்ச்சுக்கு அப்புறம் மிச்சம் சேமிப்பா மாறும்.

ஜிஎஸ்டி-யில ஒரு விஷயம் நடக்குறதுக்கு முன்னாடி நின்னுச்சு. கிளினிக் இடத்துல முன்பக்கத்தை ஒரு மருந்துக்கடைக்கு உள்வாடகை விடலாம்னு டாக்டருக்கு எண்ணம். டாக்டரோட சிகிச்சைக்கு ஜிஎஸ்டி கிடையாது, விலக்கு மட்டுமே இருக்கிறவங்க பதிவும் பண்ண வேண்டாம். ஆனா கடை வாடகை வரிக்கு உட்பட்டது, 20 லட்சம் வரம்பைப் பார்க்கும்போது விலக்கு உள்ள வரவையும் சேர்த்து தான் கூட்டுவாங்க. 65 லட்சம் ஏற்கனவே இருக்கிற டாக்டர் சின்ன வாடகை வாங்கினாலே பதிவு, ரிட்டர்ன் எல்லாம் வந்துரும். கட்டட ஓனரே மருந்துக்கடைக்கு நேரா விடட்டும்னு முடிவாச்சு, கிளினிக் வாடகையும் அந்த அளவுக்குக் குறைஞ்சுது.

வரிக்கு வெளிய இருந்தது

வரி பாக்கியை விட எனக்கு அதிக பயம் குடுத்தது இன்டெம்னிட்டி தான். டாக்டர்கள் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு 1995-ல சாந்தா வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. கிட்டத்தட்ட ரெண்டு வருஷமா மூணு ஆஸ்பத்திரில ஆபரேஷன் பண்ணிட்டு இருந்தவருக்கு சொந்தமா பாலிசி இல்ல, ஆஸ்பத்திரியோடது தன்னையும் காப்பாத்தும்னு நினைச்சிட்டு இருந்தாரு. ஒப்பந்தத்தை எடுத்துப் படிச்சா, கன்சல்டன்ட் தன்னோட கவரைத் தானே வச்சுக்கணும்னு ஒரு வரி மூணாவது பக்கத்துல இருந்துச்சு.

இந்த பாலிசிகள் பொதுவா க்ளெய்ம் எப்போ வருதோ அப்போ நடப்புல இருக்கிறது தான் பேசும், அதுலயும் ரெட்ரோஆக்டிவ் தேதிக்கு (கவர் எந்த நாள்ல இருந்துன்னு பாலிசியில போட்டிருக்கிற தேதி) அப்புறம் பண்ணின சிகிச்சைக்கு மட்டும். அதனால இப்போ எடுத்தாலும் பழைய ஆபரேஷன்களுக்கு கவர் வராது, அந்த இடைவெளி அப்படியே தான் இருக்கு, அதை அவர்கிட்ட மழுப்பாம சொன்னோம். 1 கோடிக்கு எடுத்தாரு. ரினீவல் ஒரு தடவை விட்டாலும் ரெட்ரோஆக்டிவ் தேதி புதுசா ஆரம்பிக்கும் அபாயம் இருக்கு, அந்தத் தேதி இப்போ மேடத்தோட காலண்டர்லயும் இருக்கு.

ஆயுள் காப்பீடு: ரெண்டு எண்டோமென்ட்டும் சேர்த்து கவர் 40 லட்சம் கூட இல்ல, வீட்டு லோனே 85. கமிஷன் வாங்காம ஃபீஸ் மட்டும் வாங்குற, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்துற செபி-ல பதிவு பண்ணின ஆலோசகர் ஒருத்தரை சேர்த்துக்கிட்டோம், முதலீடு சொல்றது எங்க வேலை கிடையாது. ரெண்டு கோடிக்கு டெர்ம் பாலிசி (சேமிப்பு இல்லாத வெறும் ஆயுள் காப்பீடு), 1874 திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்துக்குக் கீழ எடுத்தது. அப்படி எடுத்தா அந்தப் பணம் மனைவி, பசங்களுக்கான டிரஸ்ட்டா நிக்கும், கடன்காரங்க கை வைக்க முடியாது. இதை பாலிசி எடுக்கும்போதே சொல்லணும், அப்புறமா சேர்க்க முடியாது. ரெண்டு வருஷம் கட்டியிருந்த எண்டோமென்ட்டை பெய்ட்-அப் ஆக்கினாங்க (இனி ப்ரீமியம் கட்டாம, குறைஞ்ச கவரோட அப்படியே விடுறது), ரொம்ப வருஷம் ஓடினதை முதிர்வு வரைக்கும் விட்டாங்க.

பிறகு நடந்தது

மார்ச் 15-க்குள்ள அட்வான்ஸ் டேக்ஸ் 6.8 லட்சம் போச்சு, முந்தின தவணைகளை விட்டதுக்கு 234சி வட்டி மட்டும் வந்துச்சு. மே கடைசில 2023-24 ஆடிட் ரிப்போர்ட்டும் ஐடிஆர்-யு-வும் போட்டோம். வரி 7.18 லட்சம், வட்டி 1.33, கூடுதல் 2.13, மொத்தம் பத்தரை லட்சத்துக்கு மேல. முதல்லயே சரியா போட்டு நேரத்துக்குக் கட்டியிருந்தா கடைசி ரெண்டும், அதாவது ஏறத்தாழ மூன்றரை லட்சம், போயிருக்காது. நேரத்துக்கு ஆடிட் பண்ணாததுக்கு 271பி-ல வரவுல அரை சதவீதம், இவருக்கு 31,500 அபராதம் வர வாய்ப்பு இருக்கு. நோட்டீஸ் இன்னும் வரல, பதிலுக்கான விவரத்தை எழுதி வச்சிருக்கோம்.

2024-25 கணக்கை ஆடிட் பண்ணி ஐடிஆர்-3 போட்டாச்சு. அந்த பேலன்ஸ் ஷீட்டை வச்சு எக்ஸ்ரே லோன் கெடைச்சுது, கேட்டதை விடக் கம்மி, ஆனா போதுமானது. 2025 டிசம்பர் கடைசி வரைக்கும் 2025-26 கேஷ் 1.9 லட்சம், அதுவரைக்குமான மொத்த வரவு 50 லட்சம், 4%-க்குள்ள தான் இருந்துச்சு. நடுவுல ஒரு மாசம் கார்டு மெஷின் ரிப்பேர், அந்த மாசம் மட்டும் 40,000-க்கு மேல கேஷ் போயிருச்சு, நோட்டுல கூட்டல் இருந்ததால அடுத்த மாசமே தெரிஞ்சு சரி பண்ணிட்டாங்க. நகைக்கடன் அடைஞ்சிருச்சு. மனையை விக்கிறதா வச்சிருக்கிறதாங்கிறதுல ரெண்டு பேருக்கும் இன்னும் ஒரே கருத்து வரல.

மாத்தினதும் மாத்த வேண்டியதும்

சம்பளத்துல இருந்து கன்சல்டன்ட் ஆகுற டாக்டர் யார் வந்தாலும் ஒப்பந்தத்துல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடியே அதை எங்களுக்கு அனுப்பச் சொல்றோம். விட்டுப் போற பிஎஃப் பங்கு, கிராஜுவிட்டி, மெடிக்கல், இன்டெம்னிட்டி ஒவ்வொண்ணுக்கும் ஒரு ரூபாய் மதிப்பு போட்டு, புதுத் தொகை அதை ஈடு கட்டுதான்னு பார்க்கிறோம். இந்த டாக்டர் விஷயத்துல ஈடு கட்டுச்சு, ஆனா அவர் நினைச்ச அளவுக்கு இல்ல, வித்தியாசம் பாதியாக் குறைஞ்சுது.

ரிட்டர்ன் போடும்போது 26ஏஎஸ்-ல ஆரம்பிக்காம, "வாரத்துல எந்தெந்த நாள், எந்த நேரம், எங்க பேஷண்ட் பார்க்கிறீங்க"ன்னு டைம்டேபிள் கேட்டு ஆரம்பிக்கிறோம். அதுல வர்ற ஒவ்வொரு இடத்துக்கும் பணம் எந்த அக்கவுண்ட்டுக்கு எப்படி வருதுன்னு எதிர்ல எழுதச் சொல்றோம். இந்த ஒரு கேள்வியை 2024 ஜூலைல யாராவது கேட்டிருந்தா சாயங்காலம் ஆறு மணி கிளினிக் அன்னைக்கே பேப்பர்ல வந்திருக்கும். கேஷ் சதவீதத்தை மார்ச்ல பார்க்காம செப்டம்பர்லயும் டிசம்பர்லயும் பார்க்கிறோம், தாண்டிப் போயிட்டு இருந்தா அப்போவே நாலு தவணை அட்வான்ஸ் டேக்ஸ் கணக்குக்கு மாறிக்க நேரம் இருக்கும்.

ஆஸ்பத்திரிகள் பக்கத்துலயும் ஒரு மாற்றம் வந்தா நல்லது. கன்சல்டன்ட்டா மாத்துற கடிதத்தோட, பிடிக்கிற 10% முழு வரி கிடையாது, மீதியை நீங்க தான் கட்டணும், இன்டெம்னிட்டி உங்க பொறுப்புன்னு ரெண்டு வரி தனியா எழுதிக் கையெழுத்து வாங்கலாம். இந்த டாக்டர் போற மூணு ஆஸ்பத்திரில ஒண்ணுக்கு அவரே இதைக் கேட்டு மெயில் போட்டிருக்காரு. அந்த ஆஸ்பத்திரி இப்போ புதுசா சேர்ற கன்சல்டன்ட்களுக்கு இன்டெம்னிட்டி சான்று இருந்தா தான் தியேட்டர் குடுக்குது, வரி பத்தின வரியை இன்னும் சேர்க்கல.